ஒரு புரோக்கரின் வரவு செலவு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில், 2010-ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "உன் தொழிலைப் பத்தி பதினஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார். எனக்கு முன்னால் பேசிய சீனியர், மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுவதைப் பற்றிப் பேசி உங்களையெல்லாம் பூமிக்குள் அழைத்துப் போய்விட்டார். நான் பேசப்போவது மண்ணுக்கு மேலே, அதுவும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு அளவில்தான்.

முதலில் ஒரு பாவமன்னிப்பு. 2022-இல் நம்ம பேட்ச் ஆட்கள் கூடினோமே, அன்றைக்கு "என்னடா பண்றே?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "சொந்தமா கன்சல்டன்ஸி" என்று சொன்னேன். அது பொய். நான் அப்போதே வீட்டு புரோக்கர்தான். தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் ஹெல்மெட்டும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலுமாக ஸ்கூட்டரில் சுற்றும் புரோக்கர். தமிழில் நில முகவர் என்று அழகான பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

எப்படி இதில் வந்து விழுந்தேன் என்றால், நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருந்தேன். 2020 ஏப்ரலில் பாதிச் சம்பளம். ஆகஸ்டில், "சைட் திறந்ததும் கூப்பிடறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. பையன் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தான். துபாயில் இருக்கும் நண்பன் ஒருவன், மேடவாக்கத்தில் தன் பிளாட் காலியாக இருக்கிறது, ஆள் பார்த்துக் கொடு என்றான். நான்கு நாளில் குடும்பம் ஒன்றைக் குடிவைத்தேன். அரை மாத வாடகை என்று ஏழாயிரம் ரூபாய் கையில் வந்தது. வெயிலில் நிற்காமல், கான்கிரீட் போடாமல், யாரிடமும் திட்டு வாங்காமல் ஏழாயிரம்! என்னைக் கெடுத்தது அந்த ஏழாயிரம்தான்.

அடுத்த வருஷம் முழுக்க இதே வேலை. 2021-இன் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அப்படியே படிக்கிறேன். வாடகைக்கு முடித்தது 31. என் பங்கு சராசரியாக ஐயாயிரம், ஆக 1,55,000. விற்பனை இரண்டே இரண்டு, பங்கு 75,000. மொத்தம் 2,30,000. பெட்ரோல், போன், இணையதளங்களில் விளம்பரம், இதற்கெல்லாம் மாதம் 6,500 வீதம் 78,000 போயிற்று. மீதி 1,52,000. மாதத்துக்கு 12,666 ரூபாய். எங்கள் சைட்டில் மேஸ்திரி இதைவிட அதிகம் வாங்கினார். அந்த வருஷம் மே மாதம் மறுபடியும் ஊரடங்கு வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஒரு பைசா கிடையாது.

"இரண்டு பர்சன்ட் கமிஷன், கோடி ரூபாய்க்கு ரெண்டு லட்சம்" என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கணக்குப் போடுகிறார்கள். நடைமுறையைச் சொல்கிறேன். கூடுவாஞ்சேரிப் பக்கம் 1,200 சதுர அடி மனை, விலை 48 லட்சம் என்று வையுங்கள். இரண்டு பர்சன்ட் என்பது பேச்சில்தான். பேரம் பேசிப் பேசி வாங்குபவர் ஒன்று, விற்பவர் ஒன்று என்று வந்து நிற்கும். ஆக 96,000. இதில் உரிமையாளரைத் தெரிந்த டீக்கடைக்காரர் ஒருவர், "இந்த ஏரியா என்னோடது" என்று வரும் உள்ளூர்க்காரர் ஒருவர், வாங்குபவரை அழைத்து வந்தவர் ஒருவர், கடைசியில் நான். தலைக்கு 24,000. இந்த 24,000-க்காகப் பதினொரு முறை மனையைக் காட்டியிருப்பேன். மாமனார் பார்க்கணும், வாஸ்துக்காரர் பார்க்கணும், அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வீடியோவில் பார்க்கணும்! முதல் போன் வந்த நாளிலிருந்து பத்திரம் பதிவாகும் நாள் வரை நான்கு மாதம், ஆறு மாதம் ஆகும். அதுவரைக்கும் கைக்காசுதான். நடுவில் வங்கியில் கடன் கிடைக்கவில்லை என்றால் எல்லாம் பூஜ்யம்.

அதே 48 லட்சத்துக்கு அரசாங்கத்துக்குக் கட்டுவது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 4,32,000 ரூபாய். அதை முணுமுணுக்காமல் கட்டுகிறவர், சார்பதிவாளர் அலுவலக வாசலில் என்னுடைய 48,000-த்தை, "பார்த்துப் போட்டுக் கொடுங்க தம்பி, நாப்பதா முடிச்சுக்கலாம்" என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, வெளியே வந்துவிட்டால் அவருக்கு என்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நம்முடைய ஒப்பந்தச் சட்டம் 1872-இலேயே, பிரிவு 219-இல், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகுதான் முகவருக்குக் கூலி பாக்கியாகிறது என்று எழுதிவைத்துவிட்டார்கள். என் தேவை முடிந்த நிமிஷத்தில்தான் நான் காசு கேட்கவேண்டும். காலையில் அலுவலகத்துக்குள் போகும்போது நான் "தம்பி". சாயங்காலம் வெளியே வரும்போது "அந்த புரோக்கர்".

அதற்கு முன்பே கழற்றிவிடுவதும் உண்டு. சனிக்கிழமை நான் காட்டிய வீட்டை ஞாயிற்றுக்கிழமை நான் இல்லாமல் போய்ப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்து நான் விசாரித்தால், "இல்லீங்க, அவங்க எங்க தூரத்துச் சொந்தமாப் போயிட்டாங்க" என்பார்கள். தமிழ்நாட்டில் வீடு விற்கும்போது கண்டுபிடிக்கப்படும் சொந்தங்களை வைத்து ஒரு ஆராய்ச்சிப் பட்டமே வாங்கலாம். இப்போது வீடு காட்டப் போவதற்கு முன் யார், எந்த வீடு, எந்தத் தேதி, எவ்வளவு கமிஷன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்கிறேன். பாதிப் பேர் இதற்கே முகம் சுளிக்கிறார்கள்.

இந்தப் பகுதியில் முப்பது வருஷமாக இருக்கும் பெரியவர்கள் 2016-ஐப் பற்றிச் சொல்வார்கள். அந்த செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டது. அதுவரை செங்கல்பட்டுப் பக்கம் வயலில் கல் நட்டுக் கொடியைக் கட்டினால் மனை. ஒரே நாளில் வியாபாரம் படுத்தது. மூச்சு வாங்குவதற்குள் நவம்பர் 8 வந்தது, 500, 1000 நோட்டு செல்லாது. ரொக்கத்தில் ஓடிய தொழில் இது. எத்தனையோ பேர் ஆட்டோ ஓட்டப் போனார்கள். 2017-இல்தான் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து கொஞ்சம் வழி திறந்தது. ஆனால் ஒன்று, அந்தத் தடை நியாயமான தடை. ரோடு இல்லாத, சாக்கடை இல்லாத, ஏரி வாய்க்காலை மூடிப் போட்ட மனைகளை விற்றவர்கள் நாங்கள்தானே! ரெரா சட்டம் வந்த பிறகு, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் மனையோ பிளாட்டோ விற்றுக் கொடுக்க முகவரும் பதிவு செய்திருக்கவேண்டும். நான் பதிவு செய்திருக்கிறேன். டீக்கடைக்காரர் செய்யவில்லை. தனியார் ஒருவர் தன் பழைய வீட்டை விற்கும்போது அந்தச் சட்டம் வராது என்பதால் அங்கே நாங்கள் இருவரும் ஒன்றுதான்.

சர்வே சார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், உங்கள் செயின் சர்வே வகுப்பில் நான் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவன். இன்றைக்கு எனக்குச் சோறு போடுவது அதுதான். பத்திரத்தில் 1,200 சதுர அடி என்று இருக்கும். புலப்படத்தை வைத்துக்கொண்டு டேப் பிடித்தால் 1,140 வரும். அறுபது சதுர அடி பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் போயிருக்கும். சதுர அடி நாலாயிரம் என்றால் 2,40,000 ரூபாய். இதைச் சொன்னால் விற்பவர் என்னை எதிரியாகப் பார்ப்பார். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு காட்டும்போது 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் எதுவரை நின்றது என்பதையும் சொல்லிவிடுவேன். அதனால் கைவிட்டுப்போன வியாபாரம் எத்தனை என்று என் மனைவிக்கு விரல்விட்டு எண்ணத் தெரியும்.

இவ்வளவு யோக்கியமாகப் பேசுகிறேனே என்று நீங்கள் நினைக்கவேண்டாம். அதற்காகத்தான் அடுத்த விஷயத்தைச் சொல்ல நினைத்தேன்.

2022-இல் கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீடு என் கைக்கு வந்தது. அரை கிரவுண்டு, விலை 85 லட்சம் என்று முடிவாயிற்று. நடுவில் வேறு ஆளே கிடையாது. இரண்டு பக்கமும் ஒரு பர்சன்ட், மொத்தம் 1,70,000-மும் எனக்கே. அந்தச் சமயத்தில் மனைவியின் வளையல் நான்கும் நகைக்கடனில் இருந்தன. பையனைப் பள்ளியில் சேர்க்கப் பணம் கட்டவேண்டும். விற்பவர்கள் ஒரு அம்மாவும் இரண்டு மகன்களும். அந்த வீடு அவர்கள் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் 2012-இல் இறந்துவிட்டார். வாங்குபவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஊரில் இருந்த நிலத்தை விற்ற பணமும் ஓய்வுப் பணமும் வைத்திருந்தார்.

பத்திரம் சரி, பட்டா சரி, வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. வாரிசுச் சான்றில் மூன்று பேர். எல்லாம் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டு ஹாலில் காபிக்காக உட்கார்ந்திருந்தபோது சுவரில் ஒரு பழைய போட்டோ. அரைக்கால் சட்டையில் இரண்டு பையன்கள், நடுவில் ரெட்டைப் பின்னலில் ஒரு பெண் குழந்தை. "இது யாருங்கம்மா?" என்றேன். அந்த அம்மா அடுப்படியைப் பார்த்துக்கொண்டு, "அது இல்லப்பா" என்றார்.

இறந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. ஏனென்றால் வெளியே வந்து தெருமுனையில் இஸ்திரிக்காரரிடம் கேட்டேன். அவர் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அந்தப் பொண்ணா? திருச்சியில இருக்கு. வேற ஜாதிப் பையனைக் கட்டிக்கிச்சுன்னு தலைமுழுகிட்டாங்க."

வில்லங்கச் சான்று என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அது சொல்லாது. வாரிசுச் சான்று என்பது விண்ணப்பித்தவர் சொன்னதை விசாரித்துத் தாசில்தார் தருவது. தெருவில் விசாரிக்கும்போது யாரும் வாயைத் திறக்காவிட்டால் ஒரு பெயர் விட்டுப்போகும். ஆனால் பெயர் விட்டுப்போனதால் பங்கு போய்விடாது. பெண்ணுக்குச் சொத்தில் உரிமை 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத்தில்தான் வந்தது, 2005-இல்தான் வந்தது என்று பலர் பேசுவார்கள். அவை கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. அப்பா தானாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்ட சொத்தில், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. கல்யாணம் ஆனாலும், யாரைக் கட்டிக்கொண்டாலும். அந்த வீட்டில் கால் பங்கு திருச்சியில் இருக்கிறது. இது எனக்கு அந்தத் தெருமுனையிலேயே தெரியும்.

வியாழன் இரவு சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. அண்ணன்காரரிடம் பேசித் தங்கையிடம் விடுதலைப் பத்திரம் வாங்கச் சொல்லலாம், அதற்குள் எதற்கு வாத்தியாரைக் கலவரப்படுத்தவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலை அக்ரிமெண்ட் போட்டார்கள். வாத்தியார் ஐந்து லட்சம் முன்பணம் கொடுத்தார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு இரவு தூக்கம் வரவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள், சொன்னேன். "வளையல் எங்கேயும் போயிடாது, பேங்க்லதானே இருக்கு" என்றாள். பத்தரை மணிக்கு வாத்தியாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இது உங்களுக்கு எப்போ தெரியும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பெரிய மகன் என்னைத் தெருவில் நிறுத்தி, "வீடு வித்துத் தர்றதுதான் உன் வேலை, குடும்பத்தைப் பிரிக்கிறதா உன் வேலை?" என்று சத்தம் போட்டார். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் திரும்பாது என்று அக்ரிமெண்டில் ஒரு வரி இருந்தது. அதைக் காட்டினார். ஏழு மாதத்தில் மூன்று தவணையாக நான்கு லட்சம் வாங்கிக் கொடுத்தேன். கடைசி ஒரு லட்சம் வரவேயில்லை. வக்கீல் வைத்துக் கேட்டிருக்கலாம், வக்கீலுக்கே அது சரியாகப் போயிருக்கும் என்று வாத்தியார் விட்டுவிட்டார். பாதி நான் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். மாதம் ஐயாயிரமாகப் பத்து மாதம் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் காபி கொடுத்து, நோட்டில் குறித்து, கையெழுத்தும் போட்டுத் தருவார். கடைசித் தவணையன்று வாசல் வரை வந்து, "சனிக்கிழமை காலையில ஒரு போன் போட்டிருக்கலாம் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வீடு இன்னும் விற்கவில்லை. மகன்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், அம்மா மட்டும் இருக்கிறார். அந்தத் தெரு வழியாகப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன். போன தை மாதம் கேட்டருகே நின்றவர் கைகாட்டிக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டார்: "ஏம்பா, அவ கையெழுத்துப் போடணும்னா, அவ நேர்ல வரணும் இல்ல?"

பதிவு அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும், வரமுடியாவிட்டால் பவர் கொடுத்து அனுப்பலாம் என்பதுதான் முழுப் பதில். நான், "ஆமாம்மா, நேர்ல வரணும்" என்றேன். பவர் விஷயத்தைச் சொல்லவில்லை. இதையும் உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்களோ எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு என் முறையைக் கொஞ்சம் மாற்றினேன். வீடு வாங்குபவருக்காக நிலத்தை அளந்து, மூலப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் படித்து, அக்கம்பக்கம் விசாரித்து எழுதிக் கொடுக்க 3,000 ரூபாய் முன்னாலேயே வாங்கிவிடுகிறேன். வியாபாரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அது என் கூலி. வக்கீல் கருத்து தனியாக வாங்கவேண்டும், நான் வக்கீல் இல்லை என்பதையும் சொல்லிவிடுவேன். "புரோக்கர் அட்வான்ஸ் கேட்கிறானா!" என்று சிரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. மாதம் நான்கைந்து பேர் கொடுக்கிறார்கள். பெட்ரோலுக்கும் போனுக்கும் அது போதும், கமிஷன் வந்தால் வீட்டுச் செலவுக்கு. சைட்டில் வாங்கிய சம்பளத்தை எட்டிப்பிடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து எங்கள் பக்கம் கொஞ்சம் விசாரிப்பு கூடியிருக்கிறது. விற்பவர்கள் அதற்குள் விலையை ஏற்றிவிட்டார்கள் என்பதால் விசாரிப்போடு நின்றுவிடுவதும் உண்டு. வளையல் வந்துவிட்டது. நான்கில் மூன்று.

மணி அடித்துவிட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில், பழைய சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இருப்பேன். வீடு, மனை வாங்க யாராவது பேசிக்கொண்டிருந்தால் பத்திர நகலைப் போனில் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இன்றைக்கு மட்டும் 3,000 கிடையாது. சர்வே சாரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். அந்த ரெக்கார்டு நோட்டு விஷயத்தை மன்னித்துவிடுங்கள் சார்.